நாலாவதாக வந்தவரின் படம்

வட்டவளையில் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு மழைநாளில், தேயிலைக் கொழுந்து ஏற்றிப்போகும் பழைய லொறி ஒன்று எனக்காக நின்றது. ஓட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒட்டிய கன்னம், காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. கண்ணாடிக்குக் கீழே முருகன் படமும், பக்கத்திலேயே ஒரு வெள்ளைக்காரக் கார்ப் பந்தய வீரரின் படமும் ஒட்டியிருந்தன. பெரிய வளைவு வரும்போதெல்லாம் இரண்டையும் தொட்டுக்கொண்டார்.

“இவரு பெரிய சாம்பியனா?” என்றேன்.

“இல்லீங்க. பத்துப் பன்னெண்டு வருஷம் ஓட்டுனாரு. ஒண்ணும் ஜெயிக்கல. நாலாவதா வந்ததுதான் பெருசு.”

“அப்புறம் ஏங்க இவரு படம்?”

“அவருக்குக் குடுத்த வண்டி அவ்வளவுதாங்க. அதே மாதிரி வண்டிய ஓட்டுனவங்க எல்லாம் கடைசியில வந்தாங்க. இவரு மட்டும் நடுவுல கொண்டாந்து விட்டுருவாரு.”

ஏற்றத்தில் எங்கள் லொறி முனகியது. தோட்டத்தின் புது லொறிகள் இரண்டு முந்திப் போயின. இறக்கத்தில் மூடுபனி பாதையை மறைத்தபோதும் அவர் பிரேக்கைத் தொடவில்லை. கியரை மட்டும் மாற்றி, பின்னாலிருந்த கொழுந்துச் சாக்குகள் அசையாமல் வளைவுகளைக் கடந்தார். வழியில் அந்தப் புது லொறிகளில் ஒன்று, சக்கரம் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்றது. “போய் ட்ரெக்டர் அனுப்புறேன்” என்று அதன் டிரைவரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

தொழிற்சாலை வாசலில் மற்றப் புது லொறி ஏற்கெனவே வந்து நின்றது.

“ரெண்டாவதா வந்துட்டீங்க” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

“அவரு ஒரு தடவகூட ரெண்டாவதா வந்ததில்லீங்க” என்றவர், தொப்பியைக் கழற்றிவிட்டு, தவறு செய்தவர்போல அந்தப் படத்தைத் தொட்டுக்கொண்டார்.