நிற்காத தேன்கூடு

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் புகார்ச் சீட்டுக்கான கணினி நிரலை எழுதியவருக்கு அலுவலகத்தில் ‘கத்திரி’ என்று பெயர். யாராவது விடுப்புக் கடிதம் எழுதிக் காட்டினால்கூட நாலு வார்த்தையை அடித்துவிட்டுத்தான் திருப்பித் தருவார். மனைவி சாப்பிடக் கூப்பிட்டால் “ம்” என்பார். வரமாட்டேன் என்பதற்கும் அதே “ம்”தான். எந்த ‘ம்’ எது என்று கண்டுபிடிப்பது அந்த அம்மாளின் தலையெழுத்து.

இணையத்தில் ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. சாய்கோட்டையும் அடிக்கோட்டையும் மட்டும் வைத்து, தேன்கூடு மாதிரி அறுகோணங்களை அடுக்கிக் காட்ட வேண்டும். யாருடைய நிரலில் எழுத்து குறைவோ அவருக்கு முதலிடம். பரிசு என்று ஒரு துரும்பும் கிடையாது. கத்திரி ஐம்பத்திரண்டு எழுத்தில் முடித்தால், ‘எறும்பு’ என்ற புனைபெயரில் யாரோ ஐம்பத்தொன்றில் வந்து நிற்பார். இவர் ஐம்பதுக்கு இறங்கினால் எறும்பு நாற்பத்தொன்பது.

“ஒரு எழுத்து குறைஞ்சா என்னங்க கிடைக்கும்?” என்று மனைவி கேட்டாள்.

“எறும்புக்குத் தூக்கம் போகும்.”

“இப்ப உங்களுக்குத்தானே போயிருக்கு?”

ஒரு மதியம் அலுவலகத்தில் அவருக்குப் பொறி தட்டியது. படம் எங்கே முடிய வேண்டும் என்று விதியில் சொல்லவே இல்லையே! அப்புறம் நிறுத்தச் சொல்லும் பகுதி எதற்கு? சரக்கென்று வெட்டினார். நாற்பத்தைந்து! திரையில் கோடுகள் தலைதெறிக்க ஓடியதால் சரிபார்க்க முடியவில்லை. தாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று புகார்ச் சீட்டு அடிக்கும் பழைய பிரிண்டருக்கு அனுப்பிவிட்டு, தலைகால் புரியாத சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தால், தொடர்தாள் மேசையிலிருந்து இறங்கி, நாற்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டு வாசல்வரை வந்திருந்தது. தரையெல்லாம் அறுகோணம். மேனேஜர் அதில் ஒரு முழத்தைக் கையில் ஏந்தி நின்றார்.

“யார் வேலை இது?”

கத்திரி பூனைபோலப் பின்பக்கமாக நழுவினார். கணக்குப் பிரிவு அக்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அதிர்ந்து பேசியறியாத அந்த மனுஷி, “அடப்பாவி! நிறுத்தாம விட்டா போட்டியில ஒத்துக்குவாங்களா? இது தெரியாம நேத்தெல்லாம் மண்டையை உடைச்சிக்கிட்டேனே!” என்றார்.

ஒளிந்துகொள்ள வேண்டும் என்பதே கத்திரிக்கு மறந்துபோயிற்று. “அக்கா, நீங்களா எறும்பு?” என்று கத்தினார்.

மேனேஜருக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். “குசலம் அப்புறம் விசாரிக்கலாம். முதல்ல இதை நிறுத்துங்க.”

“அந்தப் பகுதியைத்தான் சார் வெட்டிட்டேன்.”

அக்கா போய் பிளக்கைப் பிடுங்கினார்.

இருவரும் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று உத்தரவாயிற்று. கத்திரி “தவறு.” என்று எழுதி நீட்டினார். அக்கா வாங்கிப் பார்த்து, “புள்ளி எதுக்கு?” என்று அதையும் அடித்துவிட்டு, கீழே தானும் கையெழுத்துப் போட்டார்.

தாளைச் சுருட்டும்போதே கூட்டுச் சேர்ந்து இன்னும் இரண்டு எழுத்தைக் குறைத்துவிட்டார்கள். முதலிடமும் வந்தது. ஆனால் யார் பெயரை முன்னால் போடுவது என்ற வழக்கு மட்டும் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் இன்னும் ஓய்ந்தபாடில்லை.