தலைவருக்கு ஒரு பாய்

எங்கள் மாமாவுக்குப் பலஸ்தீனத் தலைவர் ஒருவர் மேல் கொள்ளைப் பிரியம். கட்டம்போட்ட துணியைத் தலையில் கட்டிக்கொண்டு அவர் தொலைக்காட்சிச் செய்தியில் தோன்றிவிட்டால் போதும், மாமா சோற்றுத் தட்டோடு வந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். அம்மாவின் தம்பி அவர். தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டுக் கண்டியில் ஒரு துணிக்கடையில் சேர்ந்திருந்தார். மஹய்யாவவில் எங்கள் வீட்டில் இரண்டு நாள், அதே சந்தில் பெரியம்மா வீட்டில் இரண்டு நாள் என்று தோள் பையோடு வந்து போவார். மூன்றாம் நாளும் தங்கினால் அப்பா பேச்சைக் குறைத்துவிடுவார்.

அந்த டிசம்பர் விடுமுறையில்தான் தலைவரின் கதையை முழுக்கச் சொன்னார். தலைவர் ஊரை இழந்தது, நாடு நாடாக அலைந்தது, துரத்தியவர்களுக்குத் தண்ணி காட்டியது, கடைசியில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் எழுந்து நின்று அவருக்குக் கை கொடுத்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"ஒரே எடத்துல ரெண்டு ராத்திரி தூங்கவே மாட்டாரு. இன்னைக்கு ஒரு வீடு, நாளைக்கு ஒரு வீடு. போற எடமெல்லாம் ராஜ மரியாதை," என்றார் மாமா.

ராஜ மரியாதை! எட்டு வயதில் வேறென்ன வேண்டும்? மறுநாள் பின்னேரமே அப்பாவின் கட்டம்போட்ட சாரத்தைத் தலையில் சுற்றி, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டேன். பொம்பளைப் பிள்ளை தலைவராக முடியாது என்ற சித்தப்பா மகனை மெய்க்காப்பாளனாக்கி வாயை அடைத்தேன். சந்திலிருந்த வாண்டுகள் எல்லாம் கோஷம் போட்டுக்கொண்டு பின்னால் வந்தன. அன்று சித்தப்பா வீட்டில் முட்டை ரொட்டி. அடுத்த நாள் பக்கத்து வீட்டு டீச்சர், "தலைவர் வந்துட்டாங்க, கதிரையப் போடுங்க" என்று வரவேற்று மீன் கட்லட் கொடுத்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் நாள் பெரியம்மா வீடு. ஊர்வலம் வாசலுக்கு வந்தபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. உள்ளே மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் விருந்தாளிக்கென்று இருந்தது ஒரே பாய். அதை விரிக்க மட்டும்தான் முன்னறையில் இடமும் இருந்தது.

பெரியம்மா என் தலையணையைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு மாமா இருக்காரே புள்ள. நீ நாளைக்கு வாயேன்," என்றார்.

தலைவர் திரும்பிப் போவதா? அதுவும் படையின் கண்ணெதிரில்! மானம் போய்விடுமே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமா சட்டையை மறுபடியும் மாட்டிக்கொண்டார். "தலைவரையே திருப்பி அனுப்புவீங்களா அக்கா? பாயப் போடுங்க. எனக்கு டவுன்ல ஒரு வேல இருக்கு."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் விறைப்பாக நின்று எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். நானும் அடித்தேன். படை கைதட்டியது. அவர் மழையில் படியிறங்கிப் போக, பெரியம்மா மட்டும் வெகுநேரம் வாசலிலேயே நின்றிருந்தார். நான் கருவாட்டுக் குழம்பும் சோறும் தின்றுவிட்டு, பாயில் கால் நீட்டிப் படுத்தேன். உலகத்தையே வென்றுவிட்ட சந்தோஷம் எனக்கு.

தோட்ட வேலையை விட்டவர்களுக்கு தோட்டத்தில் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் இல்லாமல் போய்விடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மாமா அவருடைய வீட்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.