ஐந்தாவது பூச்சு காய்வதற்குள்

ஜெயலெட்சுமி டீச்சர் எதற்கெடுத்தாலும் பயப்படுவார் என்பது ஊசிப்பாறைத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். மடுல்சீமையிலிருந்து பசறைக்கு இறங்கும் பஸ்ஸில் ஏறினால் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். காலில் ஏறும் அட்டைக்குப் பயம், இடிக்குப் பயம், தோட்டத்து அலுவலகமான கந்தோரிலிருந்து வரும் கடிதத்துக்குப் பயம். பிள்ளைகள் அவரைப்போலக் கண்ணை மூடி நடந்து காட்டிச் சிரிப்பார்கள். அவருக்கு முப்பத்தாறு வயது, கல்யாணமாகவில்லை. பள்ளிக்கூடத்தை ஒட்டியிருந்த ஒற்றை அறையில் குடியிருந்தார்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு, சித்திரப் பாடத்துக்கு ஒரு ஆசிரியரைப் பதுளைக்குப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்ததே இரண்டு பேர். மற்றவர் மாட்டேன் என்றுவிட்டார். டீச்சருக்கு மாட்டேன் என்று சொல்லவும் பயம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு போய்வந்தார்.

வகுப்பில் நீர்வர்ணம் பழக்கினார்கள். வெள்ளைக் கலரே கிடையாது. வெளிச்சமெல்லாம் காகிதத்திலிருந்துதான் வரவேண்டும். கண்ணாடிபோல மெல்லிய மஞ்சளை முதலில் இழுத்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு அதன்மேல் இளஞ்சிவப்பு, அதுவும் காய்ந்த பிறகு நீலம். இப்படி ஐந்து பூச்சு. அடிப்பூச்சு மேல்பூச்சின் ஊடாகத் தெரியவேண்டும். ஒருமுறை இழுத்த இடத்தில் தூரிகையைத் திரும்ப வைத்தால் அடியிலுள்ளது கலங்கிச் சேறாகிவிடும்.

டீச்சருக்குச் சேறுதான் வந்தது. கோடு சரியாக விழவில்லையோ என்ற பயத்தில் மறுபடி மறுபடி தடவினார். பக்கத்து மேசையில் இருந்த றஷீனா, பதுளை கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகள், அவளும் டீச்சர்தான், எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"இது பால்டீ டீச்சர். கலரு பால் ஊத்தாத பிளேன்டீ மாதிரி ஈக்கணும். கோப்பைட அடி தெரியணும்."

"காஞ்சிருச்சான்னு எப்படிங்க தெரியும்? தொட்டா கறையாகிடுமே?"

"பொறங்கையெ வெச்சுப் பாருங்க. குளிர்ந்தா இன்னம் ஈரம் ஈக்கு. குளிராட்டி அடுத்த பூச்சு போடலாம். அவசரப்படத் தேவல்ல."

பயிற்சி முடிய, ஒரே காட்சியை ஒரே இடத்திலிருந்து மூன்று தடவை வரைந்து கொடுக்கவேண்டும். டீச்சர் பள்ளிக்கூட விறாந்தையிலிருந்து எதிர்மலையைத் தேர்ந்தெடுத்தார். நடுவில் ஓடை. அதற்கப்பால், தொழிலாளர் குடும்பங்கள் அறைக்கொன்றாகக் குடியிருக்கும், பன்னிரண்டு காம்பராக்கள் கொண்ட கீழ் லயம். லயத்துக்கு மேலே செங்குத்தான தேயிலைச் சரிவு. சரிவின் பாதியில் மூன்று சவுக்கு மரங்கள். பிழை வந்துவிடுமோ என்ற பயத்தில் நாற்காலிக் கால்கள் நின்ற இடத்தைச் சிமெந்தில் சோக்கால் குறித்தார். காகித அட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டி, விறாந்தைத் தூணில் ஆணியடித்து மாட்டி, அதனூடாகப் பார்த்தே கோடு போட்டார்.

ஐப்பசியில் முதற்படம் முடிந்தது. கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பூச்சுக் காய இரண்டு நாள், மூன்று நாள் ஆனது. புறங்கையை வைத்துப் பார்ப்பார், குளிரும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் புகை படிந்துவிடும். காத்திருக்கும் நேரமெல்லாம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது படத்தில் ஒரு இடம் அவரை வதைத்தது. சவுக்கு மரங்களுக்குக் கீழே, சரிவின் குறுக்கே, முதற்படத்தில் வெளிர்மஞ்சளாக விட்டிருந்த பட்டையில் இப்போது நிழல் கறுத்துத் தெரிந்ததால் இன்னொரு பூச்சு நீலம் போடவேண்டியிருந்தது. மார்கழியில் தொடங்கிய மூன்றாவது படத்தில் அதற்கும் மேலே ஒன்று. கை கெட்டுப்போய்விட்டது, தேறமாட்டோம் என்று டீச்சர் அழுதேவிட்டார்.

மறுநாள் காலை, பிழையைக் கண்டுபிடிக்க முதற்படத்தின்மேல் மூன்றாவது தாளை வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தார். லயத்துக் கூரை கூரையோடு பொருந்தியது. ஓடை ஓடையோடு பொருந்தியது. மலைமுகடும் பொருந்தியது. மூன்று சவுக்கு மரங்கள் மட்டும் ஒரு நெல்மணியளவு கீழே இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன.

பிழை கையில் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டி ஏறினார். அட்டை காலில் ஏறுவதைக்கூடக் கவனிக்கவில்லை. மரங்களுக்கு மேலே, மழைத்தண்ணீர் ஓடும் கானை ஒட்டி மண் பிளந்திருந்தது. வெடிப்புக்குள் அவருடைய கால் முழங்கால்வரை போகும். கானில் வந்த தண்ணீர் கீழே போகாமல் அந்த வெடிப்புக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி ஓடி வந்தார். வழியில் இரண்டு இடத்தில் விழுந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, படங்களைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு கந்தோருக்குப் போனார். பெரிய கிளாக்கர் மூன்று தாளையும் மேசையில் பரப்பிப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க கோணலா வரைஞ்சதுக்கு மலையா பொறுப்பு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"வெடிப்பு இருக்குங்க ஐயா. நான் போயிப் பாத்தேன்."

"மழைன்னா மலையில வெடிப்பு இருக்கத்தான் செய்யும். திங்கக்கிழமை துரைகிட்ட சொல்றேன். போங்க, போயிப் புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுங்க."

அங்கிருந்து நேராகக் கீழ் லயத்துக்குப் போனார். தோட்டத் தலைவர் வீரய்யா தொழிற்சங்கத்து ஆள். துரையையே எதிர்த்துப் பேசுகிறவர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நீங்க பஸ்ஸுக்கே பயப்படுற ஆளு. ஒங்க பேச்ச நம்பி எல்லாரையும் எழுப்பிக்கிட்டு எங்க போறது?"

அப்போது மூன்றாவது காம்பராவில் இருந்த இராக்கம்மா வாசலில் நின்றபடியே சொன்னாள்:

"அண்ணே, எங்காம்பராவுல பின்செவுத்து அடியில ரெண்டு நாளா தண்ணி வருது. கலங்கத் தண்ணி. தொடைக்கத் தொடைக்க வருது. கதவும் இப்ப மூட மாட்டேங்குது."

வீரய்யா உள்ளே போய்ப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

அன்று பிற்பகலே பன்னிரண்டு காம்பராச் சனமும் பாய், சட்டி, கோழியோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. டீச்சர் தன் அறையைப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுத்துவிட்டு விறாந்தையில் இருந்தார். சனிக்கிழமை மலை விழவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் விழவில்லை. மழை வெறித்து வெயில்கூட எட்டிப் பார்த்தது. ஆட்கள் முணுமுணுத்தார்கள். "டீச்சரு வரைஞ்ச மலதான் விழுந்திருக்கும்போல" என்று ஒருத்தன் சொல்ல, சிரிப்பு எழுந்தது.

அந்த இரண்டு நாளும் டீச்சர் பட்ட பாடு யாருக்கும் தெரியாது. விழுந்துவிடுமோ என்று பயந்தார். விழாமல் போய்விடுமோ என்றும் பயந்தார். இந்த இரண்டாவது பயம் மனதில் வந்ததை நினைத்து, தன்மேலேயே அருவருப்புப்பட்டார். சாமியை நேராகப் பார்த்துக் கும்பிட முடியவில்லை.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள். நான்கைந்து குடும்பங்கள் பாயைச் சுருட்டித் திரும்பப் புறப்பட்டன. டீச்சர் பள்ளிக்கூட வாசலில் குறுக்கே நின்றார். வாழ்க்கையில் அவர் யாரையும் மறித்ததில்லை.

"இன்னைக்கு ஒரு நாள் இருங்க. ஒங்க கால்ல விழுறேன். இன்னைக்கு ஒரு நாள்!"

அவர் வாசலை விட்டு நகராததைப் பார்த்து இராக்கம்மாதான் முதலில் பாயைக் கீழே வைத்தாள். மற்றவர்களும் முனகிக்கொண்டே உட்கார்ந்தார்கள். வீரய்யா மட்டும், பிரஜாவுரிமை மனுக் கடுதாசிகள் கூரைக்கிடையில் இருக்கின்றன, ஈரமாகிவிடும், எடுத்துக்கொண்டு ஒரு நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று ஓடையைத் தாண்டிப் போனார்.

கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் டீச்சர் மூன்றாவது படத்தின் கடைசிப் பூச்சை எடுத்தார். ஐந்தாவது நீலம். தாளைச் சாய்த்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. திரும்பத் தடவவில்லை. பிறகு புறங்கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

சதுர ஓட்டைக்குள் நடு மரம் இல்லை. அட்டையை விலக்கிப் பார்த்தபோது, மூன்று மரமும் நின்ற நிலையிலேயே, யாரோ தூக்கிக்கொண்டு போவதுபோல, மெதுவாக இறங்கி வந்துகொண்டிருந்தன. சத்தம் இன்னும் வரவில்லை.

"வீரய்யாண்ணே! ஓடைப்பக்கம் ஓடுங்க! ஓடைப்பக்கம்!"

அந்தக் குரல் தன்னுடையது என்று அவருக்கே தெரியவில்லை. லயத்து வாசலில் கடுதாசிக் கட்டோடு நின்ற வீரய்யா நிமிர்ந்தார். கேட்டதா, பார்த்தாரா தெரியாது. ஓடைப்பக்கமாகப் பக்கவாட்டில் பாய்ந்தார். அதன் பிறகுதான் சத்தம் வந்தது. கல் உருளும் சத்தமல்ல. பெரிய மிருகம் ஒன்று மூச்சு விடுவதுபோல. பள்ளிக்கூடத் தரை அதிர்ந்தது. பிள்ளைகள் வாயைத் திறந்து அழுதும் அழுகை கேட்கவில்லை. அடங்கியபோது கீழ் லயத்தில் இரண்டு காம்பராவின் கூரைத்தகரம் மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது.

வீரய்யாவை ஓடைக்கரையில் இடுப்புவரை சேற்றில் கண்டெடுத்தார்கள். தொடையெலும்பு இரண்டாக உடைந்திருந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்து, பிறகு ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். வேறு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெரட்டிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்த தாய்மார் தங்கள் பிள்ளைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, மறுபடியும் எண்ணினார்கள்.

மண்சரிவை விசாரிக்க வந்தவர்கள் படங்களை வாங்கிப்போனார்கள், திருப்பித் தரவில்லை. பயிற்சிக்குக் கொடுக்கப் படம் இல்லாததால் டீச்சர் அந்த வருஷம் தேறவில்லை. அடுத்த வருஷம் றஷீனாவின் வீட்டில் தங்கி, அவர்கள் முற்றத்து ரோசாச் செடியை மூன்று தடவை வரைந்து தேறினார். மலையை வரையச் சொன்னால் மாட்டேன் என்றுவிடுவார். அப்படிச் சொல்ல மட்டும் அவருக்கு இப்போது பயமில்லை.

மற்றப் பயங்கள் போகவில்லை. பஸ்ஸில் கண்ணை மூடினார். ஆனால் பிள்ளைகள் அவரைப்போல நடித்துக் காட்டுவதை விட்டுவிட்டார்கள். மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால், சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து விறாந்தையில் நிற்பார்கள்.

"டீச்சர், எங்க லயத்துக்கு மேல வந்து ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. இருக்கலாமா, போகலாமான்னு."

சிரித்தவர்களை அவரால் தாங்கிக்கொள்ள முடிந்திருந்தது. இவர்கள் நம்பி வந்து நிற்பதுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. இருக்கலாம் என்று சொல்லி ஒருநாள் தவறிப்போனால்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை. குடையை எடுத்துக்கொண்டு, பயந்துகொண்டே, ஒவ்வொரு தடவையும் அவர்கள் பின்னாலேயே மலையேறிப் போனார்.