அண்ணன் வேலையை இழந்த விதம்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. வருஷ பூசைக்கு வந்திருப்பவர்களுக்கும், பூசைக்கு வராமல் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தவர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றி எழுதும் பொறுப்பைக் குடும்பத்தில் என்னிடம் கொடுத்தார்கள். தங்கை நன்றாக எழுதுவாள் என்பது காரணமல்ல. வேறு யாருக்கும் எழுத மனம் வரவில்லை. கொடுக்கும்போதே பெரியப்பா ஒரு நிபந்தனையையும் சேர்த்துக் கொடுத்தார்.

"பொறந்தான், படிச்சான், நல்லவனா இருந்தான்னு பொதுவா எழுதிடும்மா. அந்த வேல போன விசயமெல்லாம் எதுக்கு? நாலு பேரு படிக்கிறது."

நாலு பேர் படிப்பார்கள் என்பதால்தான் எழுதுகிறேன். அண்ணனுக்கு வேலை போனது பற்றி நம் ஊரில் ஆளுக்கொரு கதை இருக்கிறது. பையன்களோடு சேர்ந்து அவரும் திருடினார் என்றுகூட ஒரு கதை உண்டு. அந்தக் கதைகளைச் சொன்ன வாய்களில் பல இன்று பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. நடந்தது இன்னதென்று ஒரு தடவை அச்சில் வரட்டும். அதற்குப் பிறகு அவரவர் இஷ்டம்.

அண்ணன் பிறந்தது ஏலாக்குறிச்சிக்கு வடக்கே நம் சொந்த ஊரில். அப்பா உபதேசியார். சாமியார் வராத ஞாயிறுகளில் மாதா கோயிலில் செபம் சொல்லிக்கொடுப்பார். மற்ற நாட்களில் அதே இடத்தில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். வாந்திபேதி கண்டு அப்பா போனபோது அண்ணன் எட்டாம் வகுப்பு தேறியிருந்தார். மேலே படிக்கிறேன் என்று கேட்டார். ஏர் பிடிக்க ஆள் இல்லை என்று பெரியப்பா சொன்னார். அண்ணன் ஏர் பிடித்தார். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போனார்கள். கொட்டைப் பால் பட்டு அம்மாவின் விரல்கள் எப்போதும் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அந்த விரல்களால் எனக்குச் சோறு ஊட்டினால் எரியும் என்று, நான் சிறுமியாக இருந்தவரை அண்ணன்தான் ஊட்டுவார்.

யுத்தம் தொடங்கிய சமயத்தில் அண்ணனுக்கு உத்தியோகம் கிடைத்தது. பெரம்பலூரிலிருந்து அரும்பாவூர் போகிற வழியில் அப்போது ஒரு சீர்திருத்த விடுதி இருந்தது. இப்போது அது இல்லை, ஆகவே பெயரும் வேண்டாம். திருட்டு, சண்டை, ஊர் சுற்றல் என்று பிடிபட்டுத் தண்டனை பெற்ற சிறுவர்களை அங்கே வைத்திருப்பார்கள். சுற்று வட்டாரத்தில் அதற்குப் 'பயலுக ஜெயில்' என்று பெயர். அண்ணன் அங்கே மேற்பார்வையாளர். விடியும் முன் பையன்களை எழுப்பிக் கிணற்றடிக்கு அழைத்துப்போக வேண்டும். தலை எண்ண வேண்டும். கடலைக் கொல்லையில் களை எடுக்க வைக்க வேண்டும். சோறு போடும்போது அடிதடி வராமல் பார்க்க வேண்டும். இரவில் அவர்கள் படுக்கும் கூடத்தின் வாசலை அடைத்துப் பாய் போட்டுத் தானும் படுக்க வேண்டும்.

அண்ணன் யாரையும் அடித்ததே இல்லை என்று எழுதினால் அது பொய். கோபம் வந்தால் அவருக்குக் கை நீளும். ஆனால் யாருடைய சோற்றையும் அவர் நிறுத்தியதில்லை. அங்கே அதுதான் வழக்கமான தண்டனை. யுத்த காலத்தில் கேழ்வரகுக் கூழே அரை வயிற்றுக்குத்தான். அதையும் நிறுத்தினால் பையன் என்ன ஆவான் என்று சூப்பரண்டிடமே கேட்டுவிட்டார். அவரை அங்கே மேலே உள்ளவர்களுக்குப் பிடிக்காமல் போனது அன்றிலிருந்துதான்.

அண்ணன் கூடத்தில் கலியன் என்று ஒரு பையன் இருந்தான். செந்துறைப் பக்கம். அப்பன் இல்லை, தாய் கூலிக்காரி. ஊர்ப் பெரிய வீட்டுக் களத்தில் காய்ந்துகொண்டிருந்த கம்பங்கதிரை மடியில் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் அவன் ஊரிலிருந்து ஆள் வந்து, கலியன் தாய் இறந்துவிட்டாள், பிள்ளை வந்தால்தான் எடுக்க முடியும் என்று சொன்னான்.

அண்ணன் சூப்பரண்டிடம் போய்க் கேட்டார். மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும், அதுதான் சட்டம் என்றார் அவர்.

"பதில் வர ஒரு வாரம் ஆவுங்களே சார். பொணம் ஒரு வாரம் கெடக்குமா?"

"அவன் ஓடிப்போயிட்டா யாருய்யா பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

சூப்பரண்டு முடியாது என்று சொல்லிவிட்டார். அண்ணன் திருட்டுத்தனமாக எதுவும் செய்யவில்லை. பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, பையனின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வழியாக நடந்து வெளியே போனார். வாசல் காவல்காரரிடம், "கேட்டா எம் பேரச் சொல்லிடுங்க, நீங்க மாட்டிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அப்போது பெட்ரோல் கிடைக்காமல் கரி பஸ் ஓடின காலம். மேட்டில் வண்டி மூச்சுவிட முடியாமல் நின்றுவிடும்; ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். கலியனும் இறங்கித் தள்ளினான். ஓட வேண்டுமென்றால் அங்கேயே ஓடியிருக்கலாம். அரியலூரில் பஸ் மாறி, செந்துறையில் இறங்கி, கொல்லை வழியாக நடந்து அவர்கள் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

குடிசை வாசலில் தாய் கிடக்கிறாள். பக்கத்தில் யாரும் இல்லை. பங்காளிகள் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணன் போய்க் கூப்பிட்டதற்கு ஒருவர் சொன்னாராம்: "பெரிய வூட்டுக் களத்துல கை வச்ச பயலுங்க சாமி இவன். இவன் கொள்ளி வக்கிற பொணத்துக்கு நாங்க தோள் குடுத்தா, நாளைக்கி எங்களுக்கு யாரு வேல குடுப்பா?" அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வயிற்றுக்குப் பயந்தவர்கள். வயிறு நிறைந்தும் தோள் கொடுக்காதவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறது.

பாடை தூக்க நாலு பேர் சேரவில்லை. ஒரு மூங்கிலில் தூளி கட்டி முன்னால் வெட்டியானும் பின்னால் அண்ணனும் தூக்கிப் போனார்கள். நெருப்புச் சட்டியோடு கலியன் முன்னால் நடந்தான்.

சுடுகாட்டில் ஒரு சிக்கல் வந்தது. கொள்ளி வைக்கிற பிள்ளை தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பிணத்தைச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பின்னால் வருகிறவர் கத்தி முனையால் குடத்தில் ஓர் ஓட்டை போடுவார். தண்ணீர் ஒழுகிக்கொண்டே வரும். நம் வேதத்தில் இது கிடையாது என்பதால் விளக்குகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

வெட்டியான் சொன்னாராம்: "எங்க வழக்கத்துல கத்தி புடிக்கிறது தாய்மாமன்ங்க சாமி. இவ கூடப் பொறந்தவன் போயிச் சேந்து நாளாச்சி. நான் புடிக்கிற மொற இல்ல."

"மாமன் மொறையில வேற யாருமே இல்லியாடா?" என்று அண்ணன் கலியனிடம் கேட்டார்.

"யாரும் இல்லீங்க சார்." குடம் ஏற்கெனவே அவன் தோளில் இருந்தது.

அண்ணன் கையை நீட்டினார். "கத்தியக் குடுங்க. இந்தப் பொம்பள எனக்கு அக்கான்னு வச்சுக்குங்க."

அவர் உபதேசியார் மகன். நம் வேதத்தில் விலக்கிய காரியம் என்பது அவருக்குத் தெரியாதா? பிற்பாடு நானே அதைக் கேட்டேன். "தண்ணிக் கொடத்தத் தோள்ல வச்சிக்கிட்டு அந்தப் பய எத்தன நேரம்தான் நிப்பான், தங்கச்சி?" என்றார். அதற்கு மேல் அவரிடம் விளக்கம் கிடையாது. எனக்கும் அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் பால் தெளித்துவிட்டு, மொட்டைத் தலையோடு கலியனை அழைத்துக்கொண்டு அண்ணன் விடுதிக்குத் திரும்பினார். ஓடவில்லை, ஒளியவில்லை, சொன்னபடி இருவரும் வந்து நின்றார்கள். அண்ணனை அன்றைக்கே வேலையைவிட்டு நீக்கினார்கள். கலியனுக்குச் சோற்றை நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் அவனை எங்கோ தூரத்து விடுதிக்கு மாற்றிவிட்டார்கள். எந்த ஊர் என்று அண்ணன் போய்க் கேட்டபோது, நீ அவனுக்கு என்ன உறவு என்று திருப்பிக் கேட்டார்களாம்.

அண்ணன் வேலையை இழந்த விதம் இதுதான். இதில் திருட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பவர்கள் எனக்கும் சொல்லவும்.

இனி நம் வீட்டுக் கதை. அப்போது ஆண்டிமடம் பக்கம் அண்ணனுக்குப் பெண் நிச்சயமாகி, கோயிலில் ஞாயிறுதோறும் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கத் தொடங்கியிருந்தார்கள். செந்துறைச் சங்கதி கடலை வியாபாரி ஒருவர் மூலம் ஊருக்கு வந்தது. அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கவில்லை. பெண்ணின் தகப்பனார் நம் வாசலில் நின்று, "மாப்பிள்ளைக்குக் கூலிக்காரத் தெருவுல ஒரு அக்கா இருந்துச்சாமே, எங்ககிட்ட சொல்லவே இல்லியே" என்று சிரித்தார். பெரியப்பாவும் கூடச் சிரித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அண்ணன் சாமியாரிடம் போனார். சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்டு, அபராதமாகச் செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். அவருக்கு விஷயம் அதோடு முடிந்துவிட்டது. சாமியார் விட்டதைச் சொந்தக்காரர்கள் விடவில்லை. கல்யாண வீடுகளில் அண்ணன் வந்து உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரருக்குத் திடீரென்று பசி போய்விடும். வேதத்தை மீறினார் என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் அவர்களைச் சுட்டது வேறு. ஒரு கூலிக்காரியை அவர் வாயால் அக்கா என்று சொல்லிவிட்டார். அதுதான் காரணம் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

என் மூத்த பிள்ளைக்குக் காது குத்து வைத்தோம். தாய்மாமன் மடியில் வைத்துக் குத்துவது நம்மவர்களுக்கும் உண்டு. அண்ணன் வருவார் என்று நான் மணையைத் துடைத்து வைத்திருந்தேன். என் மாமியார் சொன்னார்: "கண்ட பொணத்துக்கெல்லாம் மாமனா நின்னவன் மடியில எங்க வூட்டுப் புள்ள ஒக்காராது." நான் கத்தினேன், அழுதேன், சமையலை விட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மணையில் பெரியப்பா மகன் உட்கார்ந்தார். பிள்ளைக்குச் சட்டை வாங்கி அண்ணன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

பிறகு அண்ணன் அரியலூரில் ஒரு கடலை மண்டியில் கணக்குப் பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கலியன் போயிருக்கக்கூடும் என்று யார் எந்த ஊரைச் சொன்னாலும் ஓய்வு நாளில் அங்கே போய் விசாரித்துவிட்டு வருவார். ஒன்றும் தெரியவில்லை. சுதந்திரம் வந்த வருஷம் இருமல் தொடங்கியது. காசம் என்றார் டாக்டர். அம்மா கொண்டுவந்து வீட்டில் வைத்துப் பார்த்தார்கள்.

அப்போது என் மகளுக்குக் காது குத்தும் வயது. இந்தத் தடவை யாரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். ஆசாரியை அழைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கே போனேன். அண்ணனைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, "மடியக் காட்டுங்கண்ணே" என்றேன்.

அண்ணன் துண்டால் வாயை மூடிக்கொண்டார். "வேணாம் தங்கச்சி. எட்ட நில்லு, புள்ளைக்கி ஒட்டிக்கப்போவுது" என்றார். குழந்தையை ஒரு துணியில் உட்காரவைக்கிறேன், அதன் ஓரத்தைத் தூரத்திலிருந்து தொட்டால் போதும் என்று நான் கெஞ்சினேன். "அது மட்டும் இல்ல. ஒன் மாமியா நாளைக்கி இந்தப் புள்ளையத்தான் சொல்லிக் காட்டும். நான் போயிடுவேன், பேச்சுக் கேக்கப்போறது இது. எடுத்துக்கிட்டுப் போயிட்டு வா." ஆசாரியைத் திருப்பி அனுப்பினோம். அந்த மாதமே அண்ணன் காலமானார்.

அடக்கத்தன்று பெட்டியைத் தூக்க நம் ஆட்களுக்குள் போட்டி. அத்தனை தோள்கள் அதுவரை எங்கே இருந்தன என்று தெரியவில்லை. பெரியப்பா எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார்.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். நோயில் விழுந்த பிறகும் அண்ணனை வேலையிலிருந்து நீக்காத மண்டிக்கார ஐயாவுக்கு நன்றி. கூசாமல் வந்து ஊசி போட்ட கம்பவுண்டருக்கு நன்றி. மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் மூலம் செய்தி தெரிந்து, யாரும் கூப்பிடாமலே செந்துறையிலிருந்து நடந்து வந்து, கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே கடைசிவரை நின்ற அந்த வெட்டியானுக்கு நன்றி. அவரை உள்ளே வரச் சொல்ல நான் ஓடுவதற்குள் அவர் போய்விட்டார். பெட்டி தூக்கியவர்களுக்கும், இன்று பந்திக்கு வந்தவர்களுக்கும், மலரை இந்தப் பக்கம் வரை படித்தவர்களுக்கும் முறைப்படி நன்றி.

கலியன் எங்கே இருக்கிறான் என்று இன்றும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், அவன் மாமன் இறந்துவிட்டார் என்று அவனுக்குச் சொல்லி அனுப்புங்கள். எனக்குப் பிள்ளைகள் இருவர். அண்ணன் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் தாய்மாமனாக நின்றார். அது என் பிள்ளை இல்லை.