காற்றாடி இல்லாத விமானம்

ரொறன்ரோவில் விமானத்துக்குள் காலடி வைத்ததும் மண்ணெண்ணெய் போன்ற எரிபொருள் மணம் மூக்கில் ஏறியது. எனக்கு மறுபடியும் ஏழு வயதாகிவிட்டது.

அப்பா லண்டனில் இருந்தார். அவரிடம் போவதற்காக அம்மாவும் நானும் கொழும்பு விமான நிலையத்தில் நின்றோம். வழியனுப்ப மாமா வந்திருந்தார். எந்த நாட்டுக் கம்பனி எந்த விமானம் ஓட்டுகிறது என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நாங்கள் ஏறப்போகும் விமானத்துக்குக் காற்றாடியே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

“உது ஜெற், பிள்ளை. முதல் வந்த ஜெற்றுகள் சிலது வானத்திலேயே உடைஞ்சு போச்சு. இப்ப திருத்திப்போட்டாங்கள்,” என்றார் மாமா, ஆறுதலாக.

ஏறியதிலிருந்து நான் இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேகத்துக்குள் அது நடுங்கியது. கண்ணை எடுத்தால் முறிந்துவிடும் என்று நம்பினேன். சாப்பிடவில்லை, மூத்திரம் முட்டியும் எழும்பவில்லை.

“அம்மா, மாமா சொன்னது உங்களுக்குக் கேட்டதோ?”

“இல்லையே. நீ நித்திரை கொள்,” என்றார் அம்மா. அவர் கை வியர்த்து ஈரமாக இருந்தது.

லண்டனில் அப்பா ஓடிவந்து என்னைத் தூக்கினார். “பயணம் எப்பிடி?” என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா அவருடைய கோட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“உடையாமல் வந்திட்டம்,” என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.