தேங்காயெண்ணெய் தடவிய ஈ

நான் மீன் சாப்பிடுவதில்லை. ஆனால் மீனை ஏமாற்றும் பொய் ஈயைக் கட்டுவதில் ஒரு காலம் வெறிபிடித்துக் கிடந்தேன். அதற்குக் காரணம் கோபம்தான்.

என் கணவருக்குக் கொழும்புக் கோட்டையில் ஓர் ஆங்கிலேயக் கம்பெனியில் கிளார்க் வேலை. சீமைக்குத் திரும்பிய பழைய துரை ஒருவர் விட்டுப்போன தூண்டில் தடி அவரிடம் இருந்தது. வருடம் ஒருமுறை லீவு எடுத்து, மலைநாட்டு நுவரெலியா ஓடையில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போவார். பிடித்ததை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுவார். அங்கே புழு கோர்க்கக் கூடாது என்பது சட்டம். கொக்கியில் இறகும் நூலும் சுற்றிய ஈயைத்தான் தண்ணீர்மேல் மிதக்கவிட வேண்டும். அந்த ஈக்கள் சீமையிலிருந்து கப்பலில் வந்தவை. உலக யுத்தம் தொடங்கியதும் அவை வருவது நின்றது. வீட்டில் இருந்தவற்றின் இறகைப் பூச்சி அரித்து, கொக்கிகள்தான் மிஞ்சின.

"ஏன், இஞ்சை கட்டேலாதோ?" என்று சோறு போடும்போது கேட்டேன்.

"புதுத் துரையிட்டைக் கேட்டனான். இஞ்சத்தை ஆக்களால அது ஏலாதாம்."

துரை சொன்னதைவிட, இவர் அதை நம்பிக்கொண்டு பருப்பைப் பிசைந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏலுமா ஏலாதா என்று பார்த்துவிடுவது என்று அன்றே தீர்மானித்தேன்.

அரிபடாமல் தப்பிய ஒரேயொரு ஈயைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துப் பார்த்தேன். வாழைநாரில் மல்லிகை கட்டிப் பழகிய கைக்கு அது பெரிய வித்தையாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா கோழி வளர்த்தார். "சேவல் கழுத்து இறகுதானே, எவ்வளவு வேணும்டாலும் எடுங்க மகள்," என்றார். எங்களுடன் இருந்த மச்சாளுக்குத்தான் ஆகவில்லை. "சைவ வீட்டுக்குள்ள கோழி இறகோ?" என்று முகத்தைச் சுளித்தார். நான் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்து கட்டினேன். முதலில் கட்டியவை விளக்குமாற்றுத் துண்டு போலிருந்தன. அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்.

மிதப்பதற்காக இறகில் தேங்காயெண்ணெய் தடவி, சருவச் சட்டித் தண்ணீரில் விட்டேன். சோறு வடித்து முடித்து வந்து பார்த்தபோதும் ஈ ஜம்மென்று மிதந்துகொண்டிருந்தது. அந்த முறை நானும் வருகிறேன் என்று அவரோடு ரயிலேறிவிட்டேன்.

நுவரெலியாவில் காலைக் குளிர் எலும்பைக் குடைந்தது. ஓடைக்கரையில் அவர் ஈக்களைப் போட்டுவைத்திருந்த புகையிலை டின்னைத் திறந்தார். என் ஈக்களெல்லாம் வெள்ளையாக உறைந்து, இறகோடு இறகு ஒட்டிக் கட்டியாகக் கிடந்தன. ஒன்றை வீசிப் பார்த்தார். கல்லைப் போலத் தாழ்ந்தது.

"துரை சொன்னது சரிதான்," என்று தடியைக் கழற்றத் தொடங்கினார்.

எனக்கு என்மேலேயே ஆத்திரம் பொங்கியது. அன்று காலைதான் தலைக்கு வைக்கும் எண்ணெய்ப் போத்தல் உறைந்துபோய், தங்கிய வீட்டு அடுப்படியில் வைத்து உருக்கி எடுத்திருந்தேன். எங்கள் வெள்ளவத்தை வீட்டில் ஒருநாளும் உறையாத எண்ணெய்! தலையில் தேய்த்த கையோடு ஈயை மறந்துவிட்டேனே!

"பொறுங்கோ. தடியைக் கழட்டாதேங்கோ."

பிளாஸ்கில் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி இருந்தது. கருப்பட்டியைக் கடித்துக் குடிப்பவர்கள் நாங்கள். இறகில் ஒட்டுவதற்கு அதில் சீனியும் இல்லை, பாலும் இல்லை. மூடியில் ஊற்றி ஈயை முக்கினேன். எண்ணெய் உருகி மேலே வந்தது. அதைச் சரித்துவிட்டு மறுபடி முக்கினேன். சேலைத் தலைப்பில் ஒற்றி, இறகு விரியும்வரை ஊதினேன்.

அவர் மனமில்லாமல்தான் வீசினார். ஈ கொஞ்சத் தூரம் மிதந்தது. நனைந்து தாழப்போகும் நேரத்தில் தண்ணீரைப் பிளந்து ஒரு வாய் அதைக் கவ்வியது. தடி வளைந்தது. நான் மச்சாளையும் சைவத்தையும் மறந்து, "இழுங்கோ! இழுங்கோ!" என்று கத்தினேன். மீன் கரையில் துள்ளியபோது எனக்குப் பாவமாகவும் இருந்தது, கூத்தாட வேண்டும் போலவும் இருந்தது.

கொழும்புக்குத் திரும்பி அவர் வேலைக்குப் போன முதல்நாள். பின்னேரம் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சாரும், துரைக்கு ஈயைக் காட்டினனான். அவரிட்டையும் ஒண்டும் மிச்சமில்லையாம். தனக்கும் கொஞ்சம் கட்டித் தரச்சொல்லிக் கேக்கிறார். என்ன சொல்ல?"

நான் உலைமூடியைத் திறந்து சோற்றைக் கிளறினேன்.

"இஞ்சத்தை ஆக்களால ஏலாதாம் எண்டு சொல்லுங்கோ," என்றேன்.