திண்டிவனத்தில் அத்தை பாடிய சாயங்காலம்

அத்தைக்கு விழுப்புரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர் வேலை கிடைத்தபோது, பக்கத்துக் கிராமமான காணையில் எங்கள் வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போகாத சொந்தக்காரர்கள் இல்லை. கரும்பும் நெல்லும் போட்டுப் பிழைத்த குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் என் அப்பாவின் இந்தத் தங்கைதான். இரண்டே வருஷத்தில், வேலையை விட்டுவிட்டுப் பாட்டே தொழிலாகப் பாடப்போகிறேன் என்றாள்.

“பாட்டு பாடிக்கினு திரிஞ்சா யாரு மதிப்பா? இஸ்கூல்ல பசங்களுக்குச் சொல்லிக் குடு. வேணான்னா சொன்னேன்?” என்றார் அப்பா.

சனிக்கிழமை தோறும் பஸ் ஏறித் திண்டிவனம் போய் ஓர் அம்மாளிடம் பாட்டுக் கற்றவள் அத்தை. அப்பா அதைத் தையல் வகுப்புபோல ஏதோ ஒன்று என்றே நினைத்திருந்தார். வீட்டில் அவள் வாயைத் திறந்தால் அவருக்கு மாட்டுக்கொட்டகையில் அவசர வேலை வந்துவிடும்.

கடைசியில் அத்தைதான் பந்தயம் வைத்தாள். “திண்டிவனத்துல கோயில் திருவிழாவுக்குப் பாடறேன். நீங்க வந்து ஒக்காருங்கண்ணா. ஜனம் பாதியில எழுந்து பூட்டா நான் பாட்டையே வுட்டுடறேன்.”

அப்பா சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். எட்டு வயதுப் பெண்ணான என்னையும் அழைத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எழுந்து போகிறவர்களைப் பார்க்க அதுதான் வசதியான இடம்.

இரண்டாவதாகப் பாடிய முருகன் பாட்டின் நடுவில் மைக் செட் கிறீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது. “பேஜாரா பூட்ச்சிப்பா” என்று ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். இன்னும் சிலர் எழுந்தார்கள். “பாத்தியா?” என்றார் அப்பா. எனக்கு அழுகை முட்டியது.

அத்தை நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே எழுந்து, மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தின் நடுவே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிடில்காரரும் மிருதங்கக்காரரும் திருதிருவென்று விழித்துவிட்டு வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்கள். மைக் இல்லாமல் அவள் குரல் இன்னும் பெரிதாக இருந்தது. போனவர்கள் திரும்பினார்கள். மல்லாட்டை விற்ற கடலைக்காரர் கூடையை இறக்கிவைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவளைச் சுற்றிச் சுற்றி ஜனம்.

அப்பாவுக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை. எழுந்து எட்டிப் பார்த்தார். “யோவ், ஒக்காருய்யா, மறைக்குது!” என்றார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்கள் காலை மிதித்துத் திட்டு வாங்கி, முன்னால் போய் அத்தைக்கு எதிரே உட்கார்ந்தார். முருகன் பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியபோது, “இன்னொண்ணு பாடும்மா” என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பா.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் அத்தை பாடாத ஊர் எங்கள் ஜில்லாவில் இல்லை.

அன்று ராத்திரி திரும்பும் பஸ்ஸில் கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் அப்பா தூங்கிவிட்டார். “நீ ஜெயிச்சிட்ட அத்த! இனிமே டீச்சர் வேலைய வுட்டுடலாம்” என்றேன்.

“அத போன வாரமே வுட்டுட்டண்டி” என்றாள் மெதுவாக.

“தோத்திருந்தா?”

“தோத்தாலும் பாடத்தான் போறேன்.”

“அப்புறம் எதுக்குப் பந்தயம்?”

அத்தை தூங்கும் அப்பாவைப் பார்த்தாள். “இல்லாட்டி எங்கண்ணன் வந்து கேட்டிருப்பாரா?”

இது சுத்தக் கள்ளாட்டம் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விழுப்புரம் வரும்வரை அவளோடு பேசவேயில்லை.